"வாட்ஸ்அப் வருது, வெப்சைட் வரல": சின்ன ஆபீஸ் டி.என்.எஸ். கோளாறுகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடி, பாரிமுனை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஐந்து கம்ப்யூட்டர் முதல் முப்பது கம்ப்யூட்டர் வரை வைத்திருக்கும் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கிளியரிங் ஏஜென்ட், இரும்பு வியாபாரம், மருந்து மொத்தக் கடை, ஆடிட்டர் ஆபீஸ். போனை எடுத்ததும் காதில் விழுகிற முதல் வார்த்தை ஒன்றுதான்: "நெட்டு வரல." போய்ப் பார்த்தால் பாதி நாள் நெட் இருக்கும், பெயரைத் தேடுகிற இடத்தில் கோளாறு இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கறுப்புத் திரையில் (விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்) தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

டி.என்.எஸ். என்பது என்ன? ஒரு நிமிஷத்தில் சொல்ல முடியுமா?

பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு எது என்று யாரையாவது கேட்டால் கையைக் காட்டுவார். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியன் தெரு என்கிற பெயர் தமிழ் வாயில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. எந்தப் பெயரைச் சொன்னாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்று. மனிதனுக்குப் பெயர் போதும், கம்ப்யூட்டருக்கு ஐ.பி. எண் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருகிற ஏற்பாடுதான் டி.என்.எஸ்.

தொடக்கத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு நிலையம் அதைப் பராமரிக்க, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் என்பவர் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிற முறையை வகுத்தார். மேலே ரூட், அதற்குக் கீழே டாட் காம், டாட் இன் போன்றவை, அதற்கும் கீழே உங்கள் கம்பெனிப் பெயர். எல்லாம் தெரிந்தவர் என்று எவரும் இல்லை. அடுத்து யாரைக் கேட்பது என்று மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

உங்கள் கம்ப்யூட்டர் இந்த ஏணியில் தானே ஏறுவதில்லை. தனக்குச் சொல்லப்பட்ட ஒரு டி.என்.எஸ். சர்வரைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். அந்த சர்வர்தான் ஏறி இறங்கிப் பதில் கொண்டுவரும். ஆகவே கோளாறு பார்க்க உட்கார்ந்ததும் நான் தேடுவது ஒன்றுதான்: இந்த மெஷின் யாரைக் கேட்கிறது? பதில் சரியா தப்பா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நெட்டே போய்விட்டதா, டி.என்.எஸ். மட்டும் போய்விட்டதா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கறுப்புத் திரையைத் திறந்து பிங் 8.8.8.8 என்று தட்டுங்கள். அது கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வர், எண்ணாகவே கொடுப்பதால் பெயர் தேடும் வேலை இல்லை. பதில் வந்தால் கேபிள், ரவுட்டர், இணைப்பு எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அடுத்து ஏதாவது ஒரு தளத்தின் பெயரைப் போட்டு பிங் செய்யுங்கள். "கண்டுபிடிக்க முடியவில்லை" என்கிற மாதிரி சொன்னால் கோளாறு டி.என்.எஸ். பக்கம்.

இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சில தளங்கள் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டவை. நான்கு வரியும் "டைம்டு அவுட்" என்று வந்தாலும், முதல் வரியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எண் வந்துவிட்டால் டி.என்.எஸ். தன் வேலையை முடித்துவிட்டது. அதற்கப்புறம் அதைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

அப்புறம் வாட்ஸ்அப் மட்டும் எப்படி வருகிறது?

ஏற்கெனவே கட்டிவைத்த இணைப்பு அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகப் பெயர் தேட வேண்டியதில்லை. புதுத் தளத்தைத் திறக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஐபிகான்ஃபிக் /ஆல் என்று தட்டுங்கள். பக்கம் பக்கமாக வரும், பயப்பட வேண்டாம். ஆபீஸ் கேபிளோ வைஃபையோ இருக்கிற பகுதியில் நான்கு வரி போதும்: ஐ.பி. முகவரி, கேட்வே (வெளியே போகிற வாசல்), டிஹெச்சிபி சர்வர் (மெஷின்களுக்கு முகவரி கொடுக்கிறவர்), டி.என்.எஸ். சர்வர்கள். பக்கத்து மேஜையில் நன்றாக ஓடுகிற மெஷினிலும் அதையே தட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டிலேயே முக்கால்வாசிக் கேஸ் முடிந்துவிடும்.

ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் அந்த மெஷினுக்கு முகவரி கொடுக்க யாரும் முன்வரவில்லை. தானே ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறது. டி.என்.எஸ். பற்றிப் பேசுவதற்கு முன் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.

டி.என்.எஸ். வரியில் பக்கத்து மெஷினில் இல்லாத எண் இருந்தால் யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். தம்புச் செட்டித் தெருவில் ஒரு ஆபீசில் இணைப்புக் கம்பெனியை மாற்றினார்கள். மறுநாள் எல்லா மெஷினும் ஓட, கேஷியர் மெஷின் மட்டும் ஓடவில்லை. பழைய கம்பெனியின் டி.என்.எஸ். எண்ணை எந்தக் காலத்திலோ அதில் கையால் பதித்திருந்தார்கள். பல இணைப்புக் கம்பெனிகளின் டி.என்.எஸ். சர்வர் தன் சந்தாதாரருக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வெளியாள் கேட்டால் மறுக்கும் அல்லது வாயே திறக்காது. அந்த எண்ணை அழித்து "தானாகப் பெறு" என்று மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலை. அதற்குள் அவர்கள் நெட்வொர்க் கார்டு மாற்ற ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

காலையில் சில கம்ப்யூட்டர் வருகிறது, சில வரவில்லை. மறுநாள் வேறு சிலது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேய் இல்லை, இரண்டாவது ரவுட்டர்.

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸ். பதினான்கு கம்ப்யூட்டர். மூன்று நாளாகத் திண்டாட்டம். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) போட முடியவில்லை, கப்பல் வந்து நிற்கிறது, முதலாளி கத்துகிறார். இணைப்புக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, "எங்க சைடு ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மைதான்.

நான் போய் ஒவ்வொரு மெஷினிலும் டிஹெச்சிபி சர்வர் வரியைப் பார்த்தேன். ஒன்பதில் 192.168.1.1, ஐந்தில் 192.168.0.1. ஆபீசின் ரவுட்டர் முதலாவது. இரண்டாவது யார்? ஆர்ப் -ஏ என்று தட்டினால் அந்த எண்ணுக்குரிய மேக் முகவரி, அதாவது கருவியின் அடையாள எண் வரும். அதன் முதல் பாதி, தயாரித்த கம்பெனியைச் சொல்லும். வீட்டு வைஃபை ரவுட்டர் செய்கிற கம்பெனி. "யாராவது ரவுட்டர் கொண்டாந்து மாட்டினீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனதில் மேனேஜர் அறை பீரோவுக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "அறையில சிக்னல் வீக்கா இருந்துச்சு தம்பி, வீட்ல சும்மா கெடந்துச்சு" என்றார்.

நடந்தது இதுதான். அந்த ரவுட்டரின் உள்பக்கத் துளையில் (லேன் போர்ட்) ஆபீஸ் கேபிளைச் சொருகியிருக்கிறார். அன்று முதல் அந்த நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். ஒரு மெஷின் "எனக்கு முகவரி யார் தருவீர்கள்?" என்று கூவும்போது யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர்களோடு போய்விடும். மேனேஜர் ரவுட்டர் முந்தினால், "கேட்வே நான்தான், டி.என்.எஸ்.ஸும் நான்தான்" என்று சொல்லிவிடும். அதற்கோ வெளியுலகத்தோடு தொடர்பே கிடையாது. ராத்திரி அணைக்காமல் விட்ட மெஷின் பழைய முகவரியோடு நன்றாக ஓடும். காலையில் போட்டது மாட்டிக்கொள்ளும். தினம் ஒரு செட் மாறியதற்கு அதுதான் காரணம்.

அவர் ரவுட்டரைப் பிடுங்க வேண்டியதில்லை. அதன் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியை ஆபீஸ் வரிசையில் காலியாக இருந்த ஒன்றுக்கு மாற்றி, அதே உள்பக்கத் துளையிலேயே விட்டேன். மேனேஜருக்கு சிக்னலும் கிடைத்தது. கொஞ்சம் விலை கூடிய சுவிட்சுகளில், எந்தத் துளையிலிருந்து முகவரி கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்துகிற வசதி உண்டு. இருபது கம்ப்யூட்டருக்கு மேல் இருந்தால் அந்தச் செலவு வீண் போகாது.

என்எஸ்லுக்அப் சரியான எண்ணைக் காட்டுகிறது. ஆனால் பிரவுசரில் தளம் வரவில்லை. இது எப்படி?

நல்ல கேள்வி. கற்றுக்கொள்ளும் காலத்தில் என்னை ஒரு முழு ராத்திரி விழிக்க வைத்த கேள்வியும்கூட. என்எஸ்லுக்அப் நேராக டி.என்.எஸ். சர்வரிடம் போய்க் கேட்கிறது. விண்டோஸ் ஞாபகத்தில் வைத்திருப்பதையோ, பெயருக்கு எண்ணைக் கையால் எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் கோப்பையோ அது பார்ப்பதில்லை. பிங்கும் பிரவுசரும் முதலில் அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். ஆகவே என்எஸ்லுக்அப் ஒரு எண்ணும் பிங் வேறு எண்ணும் காட்டினால், பதிலை மாற்றிச் சொல்கிறவர் அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கிறார்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். நோட்பேடில் திறக்கலாம், திருத்த அட்மின் உரிமை வேண்டும். # குறி இல்லாமல் தொடங்குகிற வரி ஏதாவது இருந்தால் அது யார் போட்டது, எதற்கு என்று விசாரியுங்கள். பழைய சர்வர் முகவரியை நான்கு வருஷத்துக்கு முன் யாரோ அவசரத்துக்கு எழுதிவிட்டு மறந்திருப்பார்கள். சில கிராக் மென்பொருள்களும் இங்கே வரி சேர்க்கும்.

இன்னொரு ஆசாமி பிரவுசரே. இப்போதைய பிரவுசர்களில் "பாதுகாப்பான டி.என்.எஸ்." என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதில் வெளி நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பிரவுசர் ஆபீஸ் டி.என்.எஸ்.ஸைத் தாண்டி நேராக அங்கே பேசும். வெளித் தளங்கள் எல்லாம் வரும். ஆபீசுக்குள் இருக்கிற சர்வரின் பெயர் மட்டும் வராது.

கேஷைக் காலி செய்வது எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில், "கேஷ காலி பண்ணணும் சார்" என்று நான் சொன்னதும் முதலாளியின் கை கல்லாப்பெட்டி மேல் போய்விட்டது. அன்று முதல் "கம்ப்யூட்டர் ஞாபகம்" என்றே சொல்கிறேன்.

விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ். பிரவுசருக்குத் தனி ஞாபகம் உண்டு. எல்லா ஜன்னலையும் மூடித் திறந்தால் பெரும்பாலும் போதும். போனில் ஏரோப்ளேன் குறியைப் போட்டு எடுங்கள். ரவுட்டரின் ஞாபகம் ரீஸ்டார்ட் செய்தால் போகும். இணைப்புக் கம்பெனி சர்வரின் ஞாபகம் மட்டும் நம் கையில் இல்லை.

வெப்சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். வீட்டில் புதுசு தெரிகிறது, ஆபீசில் பழசு. ஏன்?

வெளியூர் பஸ் முன்பு பாரிமுனையிலிருந்து கிளம்பியது. 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது. தெற்கே போகிற பஸ்களுக்கு 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தார்கள். இன்றைக்கும் ஊரிலிருந்து வருகிற பெரியவர் யாராவது கோயம்பேட்டில் இறங்கி, திருச்சி பஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அவரிடம் இருப்பது பொய்த் தகவல் இல்லை, பழைய தகவல்.

டி.என்.எஸ். இந்தச் சிக்கலுக்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிலோடும் டிடிஎல் என்று ஒரு நொடிக்கணக்கு வரும்: இத்தனை நொடி இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், அப்புறம் திரும்பக் கேள். 86400 என்றிருந்தால் ஒரு நாள். உங்கள் ஆபீசின் டி.என்.எஸ். மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் கேட்டிருந்தால், இன்னும் 23 மணி நேரம் பழசையே சொல்லும். வீட்டு இணைப்பில் யாரும் கேட்டிருக்கவில்லை. அது புதிதாகக் கேட்டுப் புதுசைச் சொல்கிறது.

ஆகவே மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300ஆகக் குறைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷக் கெடு. மாற்றி முடித்து எல்லாம் சரி என்று தெரிந்ததும் பழையபடி ஏற்றிவிடலாம். மாற்றிய பிறகு குறைப்பதில் பயன் இல்லை. பழைய கெடுவை வாங்கிப் போனவர்கள் அதோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

"48 மணி நேரம் ஆகும்" என்று ஹோஸ்டிங்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பல்லவி பாடுவார்கள். டாட் காம் பெயரின் பெயர் சர்வரையே (அந்தப் பெயருக்குப் பதில் சொல்லும் பொறுப்புள்ள சர்வர்) மாற்றும்போது அந்தக் கணக்கு பொருந்தும். மேலே டாட் காம் சர்வர்கள் கொடுக்கும் கெடு 172800 நொடி, அதாவது இரண்டு நாள். ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் உங்கள் டிடிஎல் எவ்வளவோ அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். புதுப் பெயரை உருவாக்குவதற்கு முன்னாலேயே "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று தேடாதீர்கள். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்கிற பதிலுக்கும் கெடு உண்டு. அவசரப்பட்டுத் தேடினவருக்குத்தான் கடைசியில் வரும்.

பிழைச் செய்தியில் வருகிற வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

என்எக்ஸ்டொமைன் என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை. பதில் சொன்னவர் உயிரோடு இருக்கிறார். பெயரில் எழுத்துப் பிழையா, அல்லது தெரியாத ஆளிடம் கேட்டோமா என்று பாருங்கள். சர்வ்ஃபெயில் என்றால் தேடிப் போனவர் பாதியில் சிக்கிக்கொண்டார். பெரும்பாலும் அந்தத் தளத்துக்காரர்களின் பெயர் சர்வரிலோ கையொப்பச் சரிபார்ப்பிலோ தகராறு. வேறு ஒரு டி.என்.எஸ்.ஸைக் கேட்டும் அதே வந்தால் கை கட்டிக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ரெஃப்யூஸ்ட் என்றால் "உனக்குச் சொல்ல மாட்டேன்." டைம்டு அவுட் என்றால் பதிலே இல்லை; சர்வர் படுத்துவிட்டது, அல்லது நடுவில் வழி அடைபட்டிருக்கிறது. டி.என்.எஸ். பேசுவது 53ஆம் போர்ட்டில். ஃபயர்வாலில் யாராவது கை வைத்தார்களா என்று கேளுங்கள்.

எல்லா மெஷினிலும் 8.8.8.8 போட்டுவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

ரவுட்டரும் இன்டர்நெட்டும் மட்டும் இருக்கிற ஆபீஸ் என்றால் தாராளமாகப் போடலாம். 1.1.1.1 போட்டாலும் சரி. ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் கையால் போடாதீர்கள். ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் ஒரே இடத்தில் போடுங்கள். நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் முப்பது மேஜைக்குக் கீழே குனிய வேண்டாம்.

விண்டோஸ் டொமைன் (எல்லா மெஷினின் லாகினையும் ஒரே ஆபீஸ் சர்வர் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு) வைத்திருக்கிற ஆபீசில் இது விஷப் பரீட்சை. அங்கே லாகின் செய்வதற்கே டொமைன் சர்வரை டி.என்.எஸ். வழியாகத்தான் மெஷின் கண்டுபிடிக்கிறது. கூகுளுக்கு உங்கள் ஆபீஸ் சர்வரைத் தெரியாது.

"முதலாவது ஆபீஸ் சர்வர், இரண்டாவது 8.8.8.8, ஒரு பாதுகாப்புக்கு" என்று செய்கிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் செய்தேன். இரண்டாவதை எல்லோரும் உதவி ஆட்டக்காரர் மாதிரி நினைக்கிறார்கள்: முதலாவதுக்குத் தெரியாததை இரண்டாவது சொல்லும் என்று. அப்படி இல்லை. முதலாவது "இல்லை" என்று சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்தது. இரண்டாவதைக் கேட்பதே கிடையாது. முதலாவது சுமார் ஒரு நொடி பேசாமல் இருந்தால் மட்டும் இரண்டாவதிடம் போகும். போன மெஷின் உடனே திரும்பியும் வராது. ஆபீஸ் சர்வர் ஒரு தடவை அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனால் போதும். அதற்குள் கூகுளிடம் போன மெஷின்கள் ஷேர் டிரைவ் காணோம், லாகின் ஐந்து நிமிஷம் ஆகிறது என்று அழும். மெஷின்களில் ஆபீஸ் சர்வர் மட்டும் இருக்கட்டும். வெளிப் பெயர்களுக்கு அந்த சர்வர் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அதற்குள்ளே ஃபார்வர்டர் பகுதியில் எழுதுங்கள். 8.8.8.8 உட்கார வேண்டிய இடம் அது.

எங்கள் சொந்த வெப்சைட் உலகத்துக்கெல்லாம் தெரிகிறது, எங்கள் ஆபீசில் மட்டும் தெரியவில்லை.

ஆபீஸ் டொமைனுக்கும் வெப்சைட்டுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற சர்வர், "அந்தப் பெயருக்கு நான்தான் பொறுப்பு" என்று நினைத்துக்கொண்டு வெளியே கேட்கவே போகாது. அதன் பட்டியலில் வெப்சைட்டின் முகவரி இல்லாததால் "இல்லை" என்று கையை விரிக்கும். உள் சர்வரில் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்கிற பெயருக்கு வெளி முகவரியை ஒரு வரி சேர்த்தால் வந்துவிடும். ஹோஸ்டிங் மாறினால் இந்த வரியையும் மாற்ற வேண்டும் என்பதை எங்கேயாவது எழுதி ஒட்டுங்கள்.

டேலி சர்வர், பிரிண்டர் எல்லாம் பெயரால் கிடைக்காமல் போகிறது. எண்ணைப் போட்டால் கிடைக்கிறது.

டொமைன் இல்லாத சின்ன ஆபீசில் உள் பெயர்களை டி.என்.எஸ். பெரும்பாலும் கவனிப்பதில்லை. மெஷின்கள் ஒன்றையொன்று கூவி அழைத்துக் கண்டுபிடிக்கின்றன. அந்தக் கூவல் ஒரே நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும். விருந்தாளி வைஃபையில் இருக்கிற லேப்டாப்புக்குக் கேட்காது. டேலி மெஷினுக்கும் பிரிண்டருக்கும் ரவுட்டரில் நிலையான முகவரியை ஒதுக்கி, அந்த எண்ணையே பயன்படுத்துவது சின்ன ஆபீசுக்குப் போதும். பெயர்தான் அழகு என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

வாரத்துக்கு ஒரு தடவை என்றால் காரணம் தேட வேண்டும். மலிவான ரவுட்டர் தானே ஒரு குட்டி டி.என்.எஸ். போல நடுவில் நின்று கேள்விகளை வாங்கி அனுப்பும். பலவற்றில் உள்ளே இருப்பது டிஎன்எஸ்மாஸ்க் என்கிற சிறு நிரல். பதில் வராமல் ஒரே நேரத்தில் 150 கேள்விக்கு மேல் குவிந்தால் அதன் வழக்கமான எல்லை நிரம்பிவிடும். முப்பது கம்ப்யூட்டர், முப்பது போன், நான்கு கேமரா, மேல்பக்க சர்வர் கொஞ்சம் சுணங்கியது என்றால் எல்லை தொடுவது சுலபம். ரவுட்டரை நடுவில் நிறுத்தாமல் மெஷின்களுக்கு நேராக வெளி டி.என்.எஸ். எண்ணையே டிஹெச்சிபியில் கொடுத்துப் பாருங்கள். பல ஆபீஸில் நோய் அதோடு தீர்ந்திருக்கிறது.

இன்னொரு காரணம் நம் பகுதிக்கே உரியது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் உப்பு. கேபிள் முனையின் உலோகப் பற்களில் பச்சை பூத்துவிடும். இணைப்பு முழுசாக அறுபடாது. நூறில் ஐந்து தகவல் பாக்கெட் காணாமல் போகும். ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோட் தொலைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாது. டி.என்.எஸ். கேள்வியோ பெரும்பாலும் ஒற்றை யுடிபி பாக்கெட், போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத வகை. அது தொலைந்தால் மெஷின் ஒரு நொடி, இரண்டு நொடி காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது பெயர் தேட வேண்டியிருந்தால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும். டி.என்.எஸ். கோளாறு என்று கூப்பிடுவார்கள். நான் கேபிளுக்குப் புது முனை பொருத்தும் கிரிம்பிங் கருவியோடு போவேன். பழைய கட்டடங்களில் எலியும் தன் பங்கைச் செய்கிறது.

டி.என்.எஸ்.ஸை மாற்றிவிட்டேன். ஆனாலும் பழைய இடத்திலேயே கேட்கிறது.

ஐபிவி6 (ஐ.பி. முகவரியின் புதிய, நீளமான வகை) பக்கத்தைப் பார்த்தீர்களா? பலர் ஐபிவி4இல் மட்டும் மாற்றுகிறார்கள். ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தனியாக ஒரு டி.என்.எஸ். முகவரியை அறிவித்துக்கொண்டிருந்தால், விண்டோஸ் அதை முதலில் கேட்கலாம். ஐபிகான்ஃபிக் /ஆல் பட்டியலில் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீள எண் ஒன்று மேலே நிற்கும். ரவுட்டரில் அந்தப் பகுதியையும் திருத்துங்கள்.

ஒருவருடைய போனில் மட்டும் ஆபீஸ் வைஃபை வேலை செய்வதில்லை.

ஆண்ட்ராய்டு 9 முதல் "பிரைவேட் டி.என்.எஸ்." என்று ஒரு செட்டிங் உண்டு. விளம்பரத்தைத் தடுக்கலாம் என்று யாரோ சொல்லி அதில் ஒரு பெயரைப் போட்டிருப்பார். அது 853ஆம் போர்ட்டில் பேசும். ஆபீஸ் ஃபயர்வால் அதை அடைத்தால் போன் வேறு யாரையும் கேட்காது, "இன்டர்நெட் இல்லை" என்று நிற்கும். தானியங்கி என்று மாற்றச் சொல்லுங்கள்.

சரியான முகவரியைத் தட்டினாலும் விளம்பரப் பக்கம், லாட்டரிப் பக்கம் வருகிறது. எல்லா மெஷினிலும்.

எல்லா மெஷினிலும் என்றால் ரவுட்டரைச் சந்தேகியுங்கள். உள்ளே போய் டி.என்.எஸ். எண்ணை யாரோ மாற்றியிருக்கலாம். அட்மின், அட்மின் என்று வாங்கிய நாள் பாஸ்வேர்டே இருந்தால் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்கிற நச்சு நிரல் இப்படித்தான் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் திருட்டு சர்வர்களிடம் கேட்க வைத்தது. 2011இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கும்பலைப் பிடித்த பிறகும் அந்த சர்வர்களை உடனே அணைக்க முடியவில்லை. அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும். நல்ல சர்வர்களை அதே எண்ணில் வைத்து ஓட்டி, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள். ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதுவரை அந்த நெட்வொர்க்கில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

20ஆம் தேதி ஆனால் ஜிஎஸ்டி தளம் திறப்பதில்லை. இதுவும் டி.என்.எஸ்.தானே?

இல்லை. மாதாந்திர 3பி படிவத்துக்கு அன்றுதான் கடைசி நாள். 15ஆம் தேதி போட்டுப் பாருங்கள், திறக்கும்.

கம்பெனி மெயில் திடீரென்று நின்றுவிட்டது, வெப்சைட்டும் இல்லை. ஆபீசில் நாங்கள் எதையும் தொடவில்லை.

தொடாமல் விட்டதுதான் காரணமாக இருக்கலாம்: டொமைன் புதுப்பிப்பு. ஹூயிஸ் தேடலில் உங்கள் பெயரைப் போட்டுக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெயர் காலாவதியானால் வெப்சைட், மெயில் இரண்டும் சேர்ந்து போகும். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் பதிவும் அதே பெயருக்குக் கீழேதான் இருக்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் எதுவென்றால், நான் பார்த்த பாதி கேஸ்களில் டொமைன் கம்பெனி பெயரிலேயே இல்லை. எந்தக் காலத்திலோ வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் மெயில் ஐடியில் பதிந்திருப்பான். நினைவூட்டல் எல்லாம் அவனுக்குப் போகும். அவன் இப்போது துபாயில் இருப்பான். இன்றைக்கே ரிஜிஸ்ட்ரார் (டொமைன் பெயரைப் பதிந்து கொடுக்கும் நிறுவனம்) கணக்கை உங்கள் பெயருக்கும் போன் நம்பருக்கும் மாற்றி வாங்குங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் நினைவூட்டலும் சேர்ந்து போய்விடும்.

டொமைன் பெயரைத் தமிழிலேயே வைக்க முடியுமா?

முடியும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. பிரவுசர் அதை ஆங்கில எழுத்துக் குவியலாக மாற்றித்தான் டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும். ரவுட்டரின் பதிவேட்டில் (லாக்) எக்ஸ்என் என்று ஆரம்பித்து இரண்டு கோட்டோடு ஒரு விசித்திரப் பெயரைப் பார்த்தால் வைரஸ் என்று அலறாதீர்கள். அது உங்கள் தமிழ்ப் பெயராக இருக்கலாம்.

உங்களைக் கூப்பிடுவதற்கு முன் என்ன பார்த்து வைக்க வேண்டும்?

ஒரு மெஷினா, எல்லா மெஷினுமா. எப்போதிலிருந்து. அதற்கு முந்தின நாள் யார் எதைப் புதிதாக மாட்டினார்கள். இதை மேனேஜரிடம் தனியாகக் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்டால் இல்லை என்பார். பிங் 8.8.8.8க்குப் பதில் வந்ததா. ஓடுகிற மெஷின், ஓடாத மெஷின் இரண்டிலும் ஐபிகான்ஃபிக் /ஆல் போட்டுத் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பாதிக் கேஸ்களில் நான் வண்டியை எடுக்காமல் போனிலேயே முடித்துவிடுவேன். படம் எடுக்கும்போது மட்டும் தயவுசெய்து ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். டி.என்.எஸ். எண் இருக்கிற வரியில்தான் அந்த வெள்ளை வட்டம் சரியாக வந்து உட்காருகிறது.